கண்டியில் ஒரு வீஜிஏ கார்ட்: அதன் விலையை யார் தீர்மானிக்கிறார்கள்?

கடந்த டிசம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நானும் என் அக்காவின் மகனும் கண்டி நகரில் கடை கடையாக ஏறி இறங்கினோம். தலதா வீதியில் தொடங்கிப் பேராதனை வீதி வரை நடந்தோம். தேடியது ஒரு கிராபிக்ஸ் கார்ட். இலங்கையில் அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் 'வீஜிஏ' என்றுதான் சொல்கிறோம். மருமகனுக்குப் பதினேழு வயது. அவனுடைய கைத்தொலைபேசியில் ஒரு அட்டவணை இருந்தது. எந்தக் கார்ட் ஒரு டொலருக்கு எத்தனை பிரேம் தருகிறது என்ற கணக்கு அது. மூன்றாவது கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அது டொலர் கணக்கு மல்லி, நம்ம கணக்கு வேற" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார்.

அந்த 'வேறு கணக்கு' என்ன என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுத முயல்கிறேன். விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு எழுத்தா என்று சிலர் கேட்கலாம். மூன்று மாதச் சம்பளத்தை விழுங்கும் ஒரு பொருள் விளையாட்டுச் சாமான் அல்ல. வடக்கிலும் மலையகத்திலும் பல வீடுகளில் ஒரு பிள்ளைக்குக் கணினி வாங்கிக் கொடுப்பது, வெளிநாட்டிலிருந்து வரும் காசையும் சீட்டுக் காசையும் ஒன்றாகப் போட்டுச் செய்யும் முதலீடு. அதில் பிழை விட்டால் இரண்டாம் தடவை வாங்க முடியாது.

எங்கள் கணக்கு

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா கம்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன பல குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கிளிநொச்சியில் காணி வெட்டி வீடு கட்டினோம். 2009இல் எல்லாம் போய், செட்டிகுளத்து முகாமில் இருந்து வெளியே வந்து, கடைசியில் உறவினர்கள் இருந்த கண்டிப் பக்கமே திரும்பினோம். நான் இப்போது கட்டுகஸ்தோட்டையில் பிள்ளைகளுக்குக் கணினிப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். தெரிந்தவர்களுக்குக் கணினி பொருத்திக் கொடுப்பதும் உண்டு.

மருமகனுக்கு வீஜிஏ தேவைப்பட்டது இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, விளையாட. அதை அவன் மறைக்கவில்லை. மற்றது, பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் முப்பரிமாண உருவம் செய்யப் பழகுகிறான். கிளிநொச்சி வீட்டின் படம் ஒன்றுகூட எங்களிடம் மிஞ்சவில்லை. அம்மம்மா சொல்லச் சொல்ல அந்த வீட்டையும் கிணற்றடியையும் அவன் உருவாக்கிக்கொண்டிருக்கிறான். அவனிடம் இருக்கும் கணினியில் ஒரு காட்சியைப் படமாக்க இரவு முழுவதும் எடுக்கும்.

கையில் 130,000 ரூபா இருந்தது. நவம்பர் கடைசியில் திட்வா புயல் வந்தது. கண்டி மாவட்டத்தில் மண்சரிவு, கம்பளையில் வெள்ளம். அங்கிருக்கும் எங்கள் சொந்தக்காரரின் வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர். அக்கா அந்தப் பணத்திலிருந்து 40,000 ரூபாவை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சம் 90,000.

டொலரில் தொடங்கும் விலை

இன்று சந்தையில் மூன்று நிறுவனங்கள் போட்டியிடுகின்றன: என்விடியா, ஏஎம்டி, இன்டெல். நடுத்தரக் குடும்பம் யோசிக்கக்கூடிய புதிய கார்ட்கள் இவை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060, 2025 மே மாதம் 299 டொலருக்கு வந்தது. நினைவகம் 8 ஜிபி. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 2025 ஜூனில் வந்தது. 8 ஜிபி 299 டொலர், 16 ஜிபி 349 டொலர். இன்டெலின் ஆர்க் பி580, 2024 டிசம்பரில் 249 டொலருக்கு வந்தது; 12 ஜிபி.

இவற்றை ரூபாவாக மாற்றுவோம். டொலர் 300 ரூபா என்று வட்டமாக வைத்துக்கொண்டால் 5060க்கு 89,700 ரூபா. அதற்கு மேல், 2024 ஜனவரி முதல் 18 வீதமாக உயர்ந்துள்ள பெறுமதி சேர் வரியைச் சேர்த்தால் 105,846 ரூபா. 16 ஜிபி 9060 எக்ஸ்டிக்கு இதே கணக்கில் 123,546. பி580க்கு 88,146. கப்பற்கூலி, ஏனைய அறவீடுகள், இறக்குமதியாளரின் இலாபம், கொழும்பிலிருந்து கண்டிக்குக் கொண்டுவரும் செலவு எல்லாம் இதற்கு மேல்தான்.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. அந்த மாதம் ரூபாவை மிதக்கவிட்ட பிறகு சில வாரங்களில் 360ஐத் தொட்டது. பின்னர் 300 அளவுக்கு இறங்கியது. அதாவது உலகச் சந்தையில் விலை ஒரு சதமும் ஏறாத பொருள்கூட எங்களுக்கு ஒன்றரை மடங்காகிவிட்டது.

கண்டியைச் சுற்றியிருக்கும் தேயிலைத் தோட்டங்களை வைத்து இதைப் பார்க்கலாம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில், வரியோடு 5060இன் விலை 78 நாள் உழைப்பு. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்ட 1,750 ரூபாவை எடுத்தாலும் 60 நாள். சாப்பாட்டுக்கு ஒரு சதமும் எடுக்காமல்.

பெரியவர்களின் சண்டை

டொலரும் வரியும் நாட்டுக்குள் நடப்பவை. இன்னொரு காரணம் வெளியே இருக்கிறது.

2020 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் மொத்த வருமானம் ஏறத்தாழ 10.9 பில்லியன் டொலர். அதில் பாதி, 5.5 பில்லியன், விளையாட்டுக் கார்ட்களிலிருந்து வந்தது. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் மொத்த வருமானம் 130.5 பில்லியன். இதில் தரவு நிலையங்களுக்கான விற்பனை மட்டும் 115 பில்லியன். விளையாட்டுப் பகுதி 11.4 பில்லியன். விளையாட்டு வருமானம் குறையவில்லை, இரண்டு மடங்காகியிருக்கிறது. ஆனால் நிறுவனத்தின் பாதியாக இருந்த வாடிக்கையாளர்கள் ஐந்தே வருடத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டார்கள். செயற்கை நுண்ணறிவுக்காகக் கார்ட் வாங்கும் பெரிய நிறுவனங்கள்தான் இப்போது முதல் வரிசையில் நிற்கின்றன.

வரிசையில் பின்னுக்குப் போனால் என்ன நடக்கும் என்பது 2025 கடைசியில் தெரிந்தது. கார்டில் இருக்கும் நினைவகச் சில்லுகளைச் செய்வது உலகில் முக்கியமாக மூன்று நிறுவனங்கள்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன். தரவு நிலையங்களுக்கான நினைவகத்தைச் செய்வதும் இதே மூன்றுதான். இலாபம் அந்தப் பக்கம் கூட. உற்பத்தியும் அந்தப் பக்கம் போகிறது. டிசம்பரில் மைக்ரோன், 'குருஷியல்' என்ற பெயரில் சாதாரண மக்களுக்கு ராம் விற்பதையே நிறுத்தப் போவதாக அறிவித்தது. கண்டியில் ஒரு பிள்ளை வாங்கும் ராமின் விலை ஏறியதற்கு அமெரிக்காவில் கட்டப்படும் ஒரு தரவு நிலையமும் காரணம்.

போட்டி இருக்கிறதே, விலை இறங்காதா என்று கேட்கலாம். 2025 இரண்டாம் காலாண்டில், தனியாக விற்கப்படும் கார்ட்களில் 94 வீதம் என்விடியாவுடையது என்று சந்தை ஆய்வு நிறுவனமான ஜோன் பெடி ரிசர்ச் கணக்கிட்டது. ஒருவர் 94 வீதத்தை வைத்திருக்கும் இடத்தில் பெரிய விலைப் போட்டியை எதிர்பார்க்க முடியாது.

விலையைச் சந்தை மட்டும் தீர்மானிப்பதில்லை என்பது வன்னியில் வளர்ந்த எங்களுக்குப் புதிதல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு பற்றரியின் விலையைத் தீர்மானித்தது கடைக்காரர் அல்ல; ஓமந்தைக்கு அப்பால் எழுதப்பட்ட ஒரு பட்டியல். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம், எங்கோ எடுக்கப்படும் முடிவுக்குள் தன் கையில் இருப்பதை வைத்து எப்படிச் சமாளிப்பது என்று அப்போதே பழகிக்கொண்டது. வீஜிஏ வாங்குவதற்கும் அந்தப் பழக்கம் உதவுகிறது.

அட்டவணை சொல்லாத விஷயங்கள்

இணையத்தில் வரும் ஒப்பீடுகள் பொய்யல்ல. கார்டின் பலத்தை மட்டும் அளக்க வேண்டும் என்பதற்காகச் சோதனை செய்பவர்கள் மிக வேகமான புரொசசரைப் போடுகிறார்கள். பெரும்பாலும் ரைசன் 7 9800எக்ஸ்3டி. அது சரியான முறை. ஆனால் அந்த முடிவை அப்படியே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. மருமகனின் கணினியில் இருப்பது எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5.

இங்கேதான் மூன்று போட்டியாளர்களின் வித்தியாசம் வேறு மாதிரித் தெரிகிறது.

விலையைப் பார்த்தால் பி580தான் முதலிடம். 12 ஜிபி நினைவகமும் இருக்கிறது. ஆனால் 'ரீசைசபிள் பார்' என்ற வசதி மதர்போர்டில் இல்லாவிட்டால் அதன் வேகம் பெரிதாக விழும். பத்தாம் தலைமுறைக்கு முந்திய தன்னுடைய புரொசசர்களோடு இதைப் போடும்படி இன்டெல் நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. அந்த வசதி இருந்தாலும், பழைய புரொசசர்களோடு இந்தக் கார்ட் எதிர்பார்த்த வேகத்தைத் தருவதில்லை என்பதை 2025 தொடக்கத்தில் சோதனையாளர்கள் காட்டினார்கள். புதுக் கணினி பொருத்துபவருக்கு நல்ல பொருள். எங்களுக்குப் பொருந்தாது.

5060 பழைய புரொசசரோடும் ஓரளவு ஒத்துப்போகும். 145 வோட்தான் எடுக்கும். ஆனால் 8 ஜிபி. இப்போது வரும் பெரிய விளையாட்டுகள் சிலவற்றில் காட்சித் தரத்தைக் கூட்டினால் 8 ஜிபி நிரம்பிவிடும். நிரம்பினால் கார்ட், கணினியின் ராமிலிருந்து தரவை இழுக்கத் தொடங்கும். 5060இல் தரவு போய்வர எட்டுப் பாதைகள்தான். புதிய மதர்போர்டில் அது போதும். பழைய மூன்றாம் தலைமுறை மதர்போர்டில் ஒவ்வொரு பாதையும் ஒடுக்கம். படம் விக்கி விக்கி ஓடும். 9060 எக்ஸ்டியில் பதினாறு பாதைகள் உண்டு. எனவே வெறும் விளையாட்டுக்கு, பழைய கணினியில், காசு இருந்தால், 16 ஜிபி 9060 எக்ஸ்டிதான் நான் சொல்லும் தேர்வு. நாலைந்து வருடம் தாங்கும்.

பிளெண்டர் போன்ற வேலைக்கு நிலைமை மாறும். என்விடியா 2007இலேயே 'குடா' என்ற மென்பொருள் அடித்தளத்தை வெளியிட்டது. பதினெட்டு வருடமாக மென்பொருள் எழுதுபவர்கள் அதை வைத்தே எழுதி வந்திருக்கிறார்கள். முப்பரிமாணப் படமாக்கலில் அதே விலை ஏஎம்டி கார்டைவிட என்விடியா கார்ட் தெளிவாக முந்துகிறது. விளையாட்டோடு வேலையும் பழகும் பிள்ளைக்கு இது முக்கியம்.

இன்னொரு எச்சரிக்கை. 2025 ஜனவரியில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டொலர் 5070 கார்ட் முந்தைய தலைமுறையின் 1,599 டொலர் 4090க்குச் சமமான செயற்திறன் தரும் என்று மேடையில் சொன்னார். அது உண்மையாகப் பிறந்த பிரேம்களின் கணக்கல்ல. ஒரு பிரேமை வரைந்துவிட்டு, இடையில் மூன்று பிரேம்களைக் கார்ட் ஊகித்து நிரப்புகிறது. படம் வழுவழுப்பாகத் தெரியும். ஆனால் நீங்கள் மவுஸை அசைத்தது உண்மையான பிரேமில்தான் பதியும். 30 பிரேமை 120 ஆகக் காட்டினாலும் கைக்கு 30 போலத்தான் இருக்கும். விளம்பரத்தில் பெரிய இலக்கத்தைக் கண்டால் அது எந்தப் பிரேம் என்று கேட்க வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் அதிகம் விளையாடும் வெலரன்ட் போன்ற இலவச விளையாட்டுகளுக்குப் பெரிய கார்டே தேவையில்லை. அவை புரொசசரை நம்பி ஓடுபவை. அதை மட்டும் விளையாடும் பிள்ளைக்கு ஒரு இலட்சம் ரூபாக் கார்ட் வாங்குவது வீண்.

காதில் போடுவது

கார்ட் வாங்க முன்னர் நாங்கள் வாங்கியது ஹெட்போன். 4,000 ரூபா.

அதிக பலம் கேட்கும் விளையாட்டுகளில் பெரும்பகுதி யுத்த விளையாட்டுகள். 2025 ஒக்டோபரில் பட்டில்பீல்ட் 6 வந்தது. நவம்பரில் கோல் ஒஃப் டியூட்டியின் அடுத்த பாகம். கார்ட் பலமாக இருந்தால் புகையும் நெருப்பும் இடியும் கட்டடமும் நிஜம் போல இருக்கும் என்பதுதான் விற்பனைப் பேச்சு. ஒரு நாள் சிநேகிதனின் மடிக்கணினியில் மருமகன் அப்படி ஒன்றை விளையாடிக்கொண்டிருந்தான். அடுத்த அறையில் படுத்திருந்த அம்மா எழும்பி வந்து, ஒன்றும் பேசாமல் குசினிச் சுவரோடு குந்திவிட்டார். அவன் பயந்து போனான். அவனுக்கு அந்தச் சத்தம் விளையாட்டு. 2009இல் அவன் கைக்குழந்தை.

நான் அவனை விளையாட வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் விளையாடுவார்கள். ஆனால் எங்கள் வீடுகளில் 'மதிப்பு' என்பதில் இதுவும் சேர வேண்டும். யாரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம், அவர்களின் காதில் என்ன விழுகிறது என்பதை எந்த அட்டவணையும் கணக்கெடுக்காது.

எதை வாங்கினோம்

90,000இல் ஹெட்போன் போக 86,000. கணினியில் இருந்த பழைய பவர் சப்ளையை நான் நம்பவில்லை. கண்டியில் பருவமழை மாறும் மாதங்களில் பின்னேர இடிமின்னல் வழக்கம். மின்சாரம் வந்து வந்து போகும். மலிவான பவர் சப்ளை எரியும்போது கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். நல்ல பவர் சப்ளைக்கு 18,000 ஒதுக்கினோம். மிச்சம் 68,000. புதிய கார்ட் என்ற பேச்சு அதோடு முடிந்தது.

பாவித்த கார்ட்களில் இரண்டு எங்கள் கணக்குக்குள் வந்தன: ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060. இரண்டும் 2021இல் 329 டொலருக்கு வந்தவை. சாதாரண திரையில் விளையாட்டு வேகம் ஏறத்தாழச் சமம். 6600 குறைந்த மின்சாரம் எடுக்கும், விலையும் குறைவு. ஆனால் 8 ஜிபி, எட்டுப் பாதைகள். 3060இல் 12 ஜிபி, பதினாறு பாதைகள், பிளெண்டருக்கு 'குடா'. விளையாட்டுக்கு மட்டும் என்றால் 6600ஐ வாங்கி மிச்சக் காசை வைத்திருப்போம். வீட்டை உருவாக்கும் வேலை இருந்ததால் 3060. கொழும்புக் கடை ஒன்றின் பற்றுச்சீட்டோடு, ஆறு மாத உத்தரவாதம் மிச்சமிருந்த ஒன்றைப் பேராதனையில் ஒரு மாணவரிடம் 68,000க்கு வாங்கினோம்.

பாவித்த கார்ட் வாங்குபவர்களுக்குச் சில வார்த்தைகள். 2022 செப்டெம்பர் 15இல் எதீரியம் நாணயம் தன் முறையை மாற்றியதும், இரவுபகலாக நாணயம் தோண்டிய கார்ட்கள் உலகம் முழுவதும் பழைய சந்தைக்கு வந்தன. தோண்டிய கார்ட் எல்லாம் கெட்டதல்ல. ஆனால் விசிறியும் நினைவகமும் களைத்திருக்கலாம். வாங்க முன்னர் உங்கள் கண் முன்னால் அரை மணித்தியாலம் பலத்த வேலை கொடுத்து ஓட்டிப் பாருங்கள். ஜிபியூ-இசட் என்ற இலவசக் கருவியில் கார்டின் உண்மைப் பெயரைப் பாருங்கள். பழைய கார்டுக்குப் புதுப் பெயர் எழுதி விற்பவர்கள் உண்டு. 'ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி' என்று கண்டால், அது உண்மையில் 570க்கு நிகரானது என்பதை நினைவில் வையுங்கள். அலுவலகங்களில் இருந்து வரும் சின்னப் பெட்டிக் கணினிகளில் பவர் சப்ளை சிறியது; அவற்றுக்குத் தனி மின்கம்பி கேட்காத, 70 வோட் எடுக்கும் 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 போன்றவைதான் பொருந்தும்.

மின்பட்டியலையும் மறக்கக் கூடாது. 170 வோட் எடுக்கும் 3060ஐ நாளுக்கு நான்கு மணித்தியாலம் முழுப் பலத்தில் ஓட்டினால் மாதம் ஏறத்தாழ 20 அலகு. எங்கள் கட்டண முறையில் 60, 90 அலகுப் படிகளைத் தாண்டும்போது கட்டணம் தாவும். 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறிய கட்டணம், பின்னர் இறங்கியும் ஏறியும் இருக்கிறது. விளையாட்டில் பிரேம் எண்ணிக்கையை 60க்கு மட்டுப்படுத்தினால் இந்தச் செலவில் ஒரு பங்கு குறையும். அதைச் செய்ய ஒரு நிமிடம் போதும்.

அரசாங்கம் எண்மியப் பொருளாதாரம் பற்றி நிறையப் பேசுகிறது. நல்லது. ஆனால் ஒரு தோட்டத்துப் பிள்ளையோ முல்லைத்தீவுப் பிள்ளையோ அந்தப் பொருளாதாரத்துக்குள் நுழையும் வாசலில் 18 வீத வரி நிற்கிறது. ஆடம்பர வாகனத்தையும் ஒரு மாணவரின் கணினிப் பாகத்தையும் ஒரே வீதத்தில் பார்க்கும் வரி நியாயமானதா என்பதை எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும். தரவு நிலையங்கள் சில்லுகளை விழுங்குவதை எங்களால் நிறுத்த முடியாது. வரியைப் பற்றிப் பேச முடியும்.

கார்டைப் பொருத்திய அன்று இரவு மருமகன் முதலில் ஓட்டியது விளையாட்டைத்தான். அடுத்த நாள் காலை கிணற்றடிக் காட்சியைப் படமாக்கினான். இரவு முழுக்க எடுத்த வேலை அரை மணித்தியாலத்துக்குள் முடிந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கிணற்றுக்கட்டு இவ்வளவு உயரம் இல்லை என்றார். அவன் மறுபடியும் செய்துகொண்டிருக்கிறான்.